கேரம் குழுவுக்கு ரேட்டிங் பட்டியல் போடுவது எப்படி: எலோ, கிளிக்கோ, ட்ரூஸ்கில் முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டோ பஹாவோ, எந்தத் தோட்டப்புற நகரை எடுத்தாலும் பாலாய் ராயாவிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கேரம் போர்டு இருக்கும். அதைச் சுற்றி 'யார் முதல் ஆள்' என்ற வழக்கும் இருக்கும். போன தீபாவளிப் போட்டியில் கோப்பை வாங்கியவர் தன்னைத்தான் சொல்லுவார். வாராவாரம் அவரைத் தோற்கடிப்பவர் வேறொருவராக இருப்பார். கோப்பை ஒரு நாள் ஆட்டத்தின் கணக்கு. ரேட்டிங் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது: இந்த இரண்டு பேரும் நாளைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால், யார் ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு?

15 முதல் 40 பேர் வரை ஆடும் குழுவை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. சதுரங்கத்துக்கும் ஸ்கிராபிளுக்கும் இதே கணக்குதான். ஆனால் சதுரங்கக்காரர்களுக்குப் போட்டிக்குப் போனால் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் கிடைத்துவிடும். ஊர்க் கேரம் குழு தன் பட்டியலைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த முறை யாருக்கு

ஏணி முறையில் கணக்கே கிடையாது. பெயர்களைச் சுவரில் வரிசையாக ஒட்டுவார்கள். கீழே இருப்பவர் இரண்டு படி மேலே இருப்பவரைக் கூப்பிட்டு ஆடி, ஜெயித்தால் இடம் மாறிக்கொள்வார்கள். மேலே இருப்பவர் 'இன்னிக்கு எனக்கு ஷிப்ட்' என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தால் ஏணி அங்கேயே நின்றுபோகும். அடுத்தது புள்ளி சேர்க்கும் முறை. வந்ததற்கு இவ்வளவு, ஜெயித்ததற்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும், இறங்காது. கூட்டம் சேர்க்க அது நல்லது, திறமை அளக்க உதவாது.

மிச்சம் மூன்றும் கணிப்பு முறைகள். எலோ முறையைக் கொடுத்தவர் ஆர்ப்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960லும், ஃபிடே 1970லும் அதை எடுத்துக்கொண்டன. ஒரு ஆளுக்கு ஒரே எண். மார்க் கிளிக்மன் 1995ல் கொடுத்த கிளிக்கோவில் ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. இணையச் சதுரங்கத் தளமான லிச்செஸ் இதன் அடுத்த பதிப்பான கிளிக்கோ-2ஐப் பயன்படுத்துகிறது. ட்ரூஸ்கில், எக்ஸ்பாக்ஸ் ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிடுவதற்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு உருவாக்கியது. அணி அணியாக ஆடுவதையும் அது கணக்கில் எடுக்கும்.

எங்கள் யோசனை இது. வாரம் தவறாமல் அதே ஆட்கள் வந்தால் எலோ போதும். குழுவில் மூன்றில் ஒரு பங்குப் பேர் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்கு வருகிறார்கள் என்றால் கிளிக்கோ. இரட்டையர் ஆட்டமே அதிகம் என்றால் ட்ரூஸ்கில். எதை எடுப்பது என்று முதல் நாளே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டப் பதிவு ஒழுங்காக இருந்தால், ஆறு மாதம் கழித்துக்கூட முதல் ஆட்டத்திலிருந்து வேறு முறையில் கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். பதிவு சரியில்லை என்றால் எந்த முறையும் காப்பாற்றாது. அதனால் கணக்குக்கு முன்னால் நோட்டு.

படி 1: எது 'ஒரு ஆட்டம்' என்று முடிவு செய்யுங்கள்

அனைத்துலகக் கேரம் விதிப்படி ஒரு ஆட்டம் 25 புள்ளி வரை, அல்லது எட்டு போர்டு வரை (இங்கே போர்டு என்பது காய்களை ஒருமுறை அடுக்கி அடித்து முடிக்கும் சுற்று). ஒரு போர்டில் அதிகபட்சம் 12 புள்ளி: எதிராளியின் ஒன்பது காயும் மிச்சமிருந்தால் 9, சிவப்பு 3. கையில் 22 வந்தவருக்குச் சிவப்பின் 3 சேராது.

ரேட்டிங்குக்கு ஒரு போர்டை அலகாக வைக்காதீர்கள். முதலில் அடிப்பவருக்கு வெள்ளைக் காயும் முதல் வாய்ப்பும் கிடைக்கின்றன. நல்ல கை உள்ளவர் ஒரே மூச்சில் பாதிப் போர்டை முடித்துவிடுவார். அந்தச் சாதகம் போர்டுக்குப் போர்டு கைமாறுவதால் முழு ஆட்டத்தில் ஏறக்குறையச் சமமாகிவிடும். அலகு முழு ஆட்டம்தான்.

மூன்றுக்கு இரண்டு என்று ஆடும்போது மொத்த முடிவை ஒரு வெற்றியாக எழுதுவதும் தப்பு. ஒரு ஆட்டத்தில் ஜெயிக்க 76 சதவீத வாய்ப்பு உள்ளவருக்கு, மூன்றுக்கு இரண்டில் அதே வாய்ப்பு 85.5 சதவீதமாக ஏறிவிடும். ஆட்டம் நீள நீளத் திறமைசாலிக்குத்தான் லாபம். ஒற்றை ஆட்டத்தையும் மூன்றுக்கு இரண்டையும் ஒரே தட்டில் போட்டால் எண்கள் கோணிக்கொள்ளும். 2-0 என்றால் இரண்டு ஆட்டம், 2-1 என்றால் மூன்று ஆட்டம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பாக்கேமன் இணையத் தளமான ஃபிப்ஸ், ஆட்ட நீளத்தின் வர்க்கமூலத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்து இதைச் சமாளித்தது. ஊர்க் குழுவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

25-3 என்று ஜெயித்தாலும் 25-23 என்று ஜெயித்தாலும் வெற்றி ஒன்றுதான். வித்தியாசத்துக்கும் புள்ளி கொடுத்தால், தோற்கும் என்று தெரிந்த ஆட்டத்தை ஒருவர் பாதியில் விட்டுக்கொடுக்கும்போதெல்லாம் சண்டை வரும்.

படி 2: பதிவு நோட்டு

ஒவ்வொரு வரியிலும் தேதி, இரண்டு பேரின் உறுப்பினர் எண், ஸ்கோர், ஒற்றையரா இரட்டையரா, எந்தப் பலகையில் ஆடினார்கள் என்ற போர்டு எண், எழுதியவர் கையெழுத்து. பெயரை மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்: எஸ்டேட் குமார், டவுன் குமார், லோரி குமார் என்று மூன்று பேர் இருப்பார்கள், த/பெ வரை எழுதினாலும் சில சமயம் இரண்டு பேருக்கு ஒன்றாகவே வரும். எண்தான் தீர்வு.

போர்டு எண் எதற்கு என்று கேட்பார்கள். மழைக்காலத்தில் மண்டபத்தில் ஈரம் ஏறினால் பழைய போர்டு மந்தமாகிவிடும். போரிக் பவுடரை எவ்வளவு தூவினாலும் ஸ்ட்ரைக்கர் இழுக்கும். பலமாக அடிப்பவர் அந்தப் போர்டில் பிழைப்பார், மெதுவாகத் தொட்டு ஆடுபவர் திணறுவார். ஒருவர் ஒரு போர்டில் மட்டும் ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்பது நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

இன்னொரு விதியை எழுதி ஒட்டுங்கள்: ஆட்டம் கணக்கில் சேருமா என்பதை முதல் அடிக்கு முன்னால் இரண்டு பேரும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோற்றவர் 'சும்மாதான விளையாடினோம்' என்பார், ஜெயித்தவர் நோட்டைத் தேடுவார்.

படி 3: தொடக்க ரேட்டிங்

முதல் நாள் எல்லோருக்கும் 1500. யார் பெரிய ஆள் என்று குழுத் தலைவர் மனக்கணக்கில் 1800, 1400 என்று பிரித்துக் கொடுக்க வேண்டாம். அந்த மனத்தாங்கல் பட்டியலைவிட நீண்ட நாள் நிற்கும்.

பட்டியல் ஓட ஆரம்பித்த பிறகு வருபவர்களுக்கு ஃபிடே 2024 முதல் கையாளும் வழியை இரவல் வாங்கலாம். அங்கே ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். அதோடு 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு சமன் செய்ததாகவும் சேர்த்துக்கொள்வார்கள். நம் குழுவுக்கு 1800க்குப் பதில் 1500. ஒரு புதுப் பையன் சராசரி 1560 உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் ஆடி இரண்டில் ஜெயித்தான் என்று வையுங்கள். கற்பனை ஆட்டம் இரண்டையும் சேர்த்தால் ஏழு ஆட்டம், எதிராளிச் சராசரி 1543, ஸ்கோர் 7க்கு 3. அது 43 சதவீதம், அதாவது சராசரியைவிட 50 புள்ளி கீழே. தொடக்கம் 1493.

அந்தக் கற்பனை ஆட்டங்கள் ஏன்? ஐந்திலும் தோற்றவனுக்குச் சூத்திரம் முடிவில்லாமல் கீழே இறங்கும், ஐந்திலும் ஜெயித்தவனுக்கு முடிவில்லாமல் மேலே ஏறும். இரண்டு கற்பனைச் சமன் இருந்தால் அதே ஐந்து தோல்விக்கு 1232 என்று ஒரு நியாயமான எண் வரும்.

படி 4: எலோ கணக்கு

இரண்டே வரி.

எதிர்பார்ப்பு = 1 ÷ (1 + 10^((எதிராளி − தான்) ÷ 400))
புது ரேட்டிங் = பழையது + கே × (முடிவு − எதிர்பார்ப்பு)

கே என்பது ஒரு ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கலாம் என்று நாம் வைக்கும் எண், அது படி 5ல் வருகிறது. முடிவு என்பது ஜெயித்தால் 1, தோற்றால் 0, சமன் என்றால் அரை. கேரமில் சமன் வராது, சதுரங்கத்தில் வரும். எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ தன் ரேட்டிங் B2 கட்டத்திலும் எதிராளி ரேட்டிங் C2 கட்டத்திலும் இருந்தால் =1/(1+10^((C2-B2)/400)). கழிக்கும் வரிசையை மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாறியிருந்தால் பெரிய ஆள் சின்ன ஆளை ஜெயித்ததற்கு மலையளவு புள்ளி வரும், உடனே கண்டுபிடித்துவிடலாம்.

வித்தியாசத்துக்கு ஏற்ப மேலே உள்ளவரின் எதிர்பார்ப்பு:

50 புள்ளி — 57 சதவீதம்
100 — 64
150 — 70
200 — 76
300 — 85
400 — 91

1650ல் இருக்கும் மூத்தவரும் 1450ல் இருக்கும் இளைஞனும் ஆடுகிறார்கள், கே 24. மூத்தவர் ஜெயித்தால் அவருக்கு 6 புள்ளி கூடும். இளைஞன் ஜெயித்தால் அவனுக்கு 18 கூடி, அவருக்கு 18 குறையும். நான்கு ஆட்டத்தில் மூன்றை மூத்தவர் ஜெயித்தால் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருப்பார். மூன்று ஜெயித்தும் ஏறவில்லையே என்று கேட்பவருக்கு இதைக் காட்டுங்கள். 200 புள்ளி மேலே இருப்பவர் நான்கில் மூன்று ஜெயிப்பார் என்பதுதான் பட்டியல் ஏற்கெனவே சொல்லிவைத்தது.

மண்டபத்தில் கணினி இல்லையென்றால் கே 24க்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 12 புள்ளியில் ஆரம்பியுங்கள். வித்தியாசத்தில் 3 சதவீதத்தைக் கீழே உள்ளவர் ஜெயித்தால் கூட்டுங்கள், மேலே உள்ளவர் ஜெயித்தால் கழியுங்கள். 200க்கு 3 சதவீதம் 6. ஆக 18 அல்லது 6, சூத்திரம் கொடுத்த அதே விடை. 350க்கு மேல் வித்தியாசம் இருந்தால் 350 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் ஒருவர் ஐந்து ஆட்டம் ஆடினால், ஐந்துக்கும் அன்று காலையில் இருந்த ரேட்டிங்கையே பயன்படுத்துங்கள், மாற்றங்களைக் கூட்டி இரவில் ஒருமுறை ஏற்றுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஏற்றினால் யார் யாரை முதலில் ஆடினார் என்ற வரிசை எண்ணை மாற்றும். நோட்டில் அந்த வரிசை பெரும்பாலும் சரியாக இருக்காது. தசமத்தை விடாமல் வைத்திருங்கள், சுவரில் ஒட்டும்போது மட்டும் முழு எண்ணாக்குங்கள்.

படி 5: கே எவ்வளவு

கே பெரிதாக இருந்தால் ரேட்டிங் வேகமாக உண்மைக்கு வரும், ஆனால் நடுங்கிக்கொண்டே இருக்கும். சிறிதாக இருந்தால் நிதானமாக நிற்கும், ஆனால் வளர்கிற பையனைப் பிடிக்காது. சம பலத்தவரோடு ஆடும்போது, உண்மைத் திறமைக்கும் பட்டியலுக்கும் உள்ள இடைவெளியில் பாதி குறைய கே 40ல் ஏறக்குறைய 12 ஆட்டம், கே 24ல் 20 ஆட்டம், கே 10ல் 48 ஆட்டம் பிடிக்கும். திறமை மாறாமலே கே 24ல் ரேட்டிங் 45 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடும். கே 40ல் 60 அளவுக்கு. ஆகவே 1540க்கும் 1565க்கும் நடுவே யார் மேல் என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஃபிடே புதியவர்களுக்கு முதல் 30 ஆட்டம் வரை 40 வைக்கிறது. 18 வயதுக்குக் கீழே 2300ஐத் தாண்டாதவர்களுக்கும் 40தான். பிறகு 20. ஒருமுறை 2400ஐத் தொட்டவர்களுக்கு 10. ஊர்க் குழுவில் முதல் 15 ஆட்டத்துக்கு 40, அதற்குப் பிறகு 24, பள்ளி மாணவர்களுக்கு எப்போதும் 40 என்று வைத்தால் நன்றாக ஓடும். மாணவர்களுக்கு ஏன் தனி என்பது பின்னால் வருகிறது.

படி 6: ஊருக்கு வந்து போகிறவர்களுக்குக் கிளிக்கோ

ஒருவர் 1600ல் இருந்தார். சிங்கப்பூரில் ஒரு வருடம் வேலை, ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. திரும்பி வந்து முதல் நாள் உட்காருகிறார். எலோவைப் பொறுத்தவரை அவர் இன்னும் அதே 1600தான். அவரிடம் தோற்ற உள்ளூர்க்காரர், உண்மையிலேயே 1600 பலமுள்ளவரிடம் தோற்றது போலப் புள்ளி இழப்பார், அல்லது துருப்பிடித்த கையை ஜெயித்து இனாமாகப் புள்ளி வாங்குவார்.

கிளிக்கோவில் ஒவ்வொருவருக்கும் ஆர்.டி. என்ற இன்னோர் எண் உண்டு. ரேட்டிங்குக்கு இரண்டு பக்கமும் ஆர்.டி.யைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்துக்குள் உண்மைத் திறமை இருக்க 95 சதவீத வாய்ப்பு. புதியவருக்கு ரேட்டிங் 1500, ஆர்.டி. 350. ஆட ஆட ஆர்.டி. சுருங்கும், ஆடாமல் இருந்தால் விரியும்.

விரியும் வேகத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து வருடம் தொடாதவரைப் புதியவராகவே கருதலாம் என்றால், மாதத்துக்கு 2000 என்று வைத்துக்கொள்ளுங்கள்: புது ஆர்.டி. = √(பழைய ஆர்.டி.² + 2000 × மாதங்கள்), 350க்கு மேல் போகாது. ஆர்.டி. 60ல் ஊரைவிட்டுப் போனவர் 12 மாதம் கழித்து 166ல் திரும்புவார்.

மாதக் கணக்கு முடிக்கும் வரிசை, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும்:

1. ஒவ்வோர் எதிராளிக்கும்: ஜி = 1 ÷ √(1 + 0.00001007 × எதிராளி ஆர்.டி.²)
2. எதிர்பார்ப்பு = 1 ÷ (1 + 10^(ஜி × (எதிராளி − தான்) ÷ 400))
3. தகவல் = 0.00003314 × [ஜி² × எதிர்பார்ப்பு × (1 − எதிர்பார்ப்பு)] எல்லா ஆட்டத்துக்கும் கூட்டல்
4. பாரம் = 1 ÷ தன் ஆர்.டி.² + தகவல்
5. புது ரேட்டிங் = பழையது + (0.0057565 ÷ பாரம்) × [ஜி × (முடிவு − எதிர்பார்ப்பு)] எல்லா ஆட்டத்துக்கும் கூட்டல்
6. புது ஆர்.டி. = √(1 ÷ பாரம்)

நம் சிங்கப்பூர்க்காரர் (1600, ஆர்.டி. 166) உள்ளூர்க்காரரிடம் (1600, ஆர்.டி. 60) ஒரு ஆட்டம் தோற்றால் 64 புள்ளி இறங்கி, ஆர்.டி. 150 ஆகும். உள்ளூர்க்காரருக்கு ஏறுவது 9தான். ஒருவர் இழந்தது இன்னொருவருக்குப் போகவில்லையே என்று முதலில் திகைப்பார்கள். உள்ளூர்க்காரரின் பலம் ஏற்கெனவே நன்றாகத் தெரியும், ஒரு ஆட்டம் அதை அசைக்காது. தெரியாமல் இருப்பது திரும்பி வந்தவரின் பலம்தான்.

கிளிக்கோவை ஆட்டத்துக்கு ஆட்டம் ஓட்டாதீர்கள். ஒரு காலப்பகுதிக்கு ஆளுக்குச் சராசரி 5 முதல் 10 ஆட்டம் இருக்கும்படி வைத்தால் நன்றாக வேலை செய்யும் என்பது கிளிக்மனின் ஆலோசனை. நம்மூருக்கு மாதம் ஒரு முறை பொருந்தும். ஆர்.டி. 30க்குக் கீழே இறங்க விடாதீர்கள், இறங்கினால் அந்த ஆளின் ரேட்டிங் கல்லாக உறைந்துவிடும். கிளிக்கோ-2 ஆட்டத்தின் நிலையற்ற தன்மைக்கு மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்க்கிறது. 30 பேர் குழுவுக்கு அது வீண் வேலை.

படி 7: இரட்டையர்

கேரமில் ஜோடிகள் எதிரெதிரே உட்காருவார்கள். ரேட்டிங் போடுவதில் சிக்கலான இடம் இதுதான். முதல் விதி: ஒற்றையர் பட்டியலையும் இரட்டையர் பட்டியலையும் கலக்காதீர்கள். ஜோடிக்கு வசதியாகக் காயை விட்டுவைக்கத் தெரிந்தவர் ஒற்றையரில் சாதாரணமாக இருக்கலாம்.

எளிய வழி, ஜோடியின் சராசரி ரேட்டிங்கை எலோவில் போட்டு, வரும் மாற்றத்தை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது. 1700ம் 1400ம் சேர்ந்த ஜோடியும், இரண்டு 1550 சேர்ந்த ஜோடியும் சமம் என்று இது எடுத்துக்கொள்ளும். அது எப்போதும் உண்மையாக இருக்காது. 1400காரர் தவறவிடும் ஒவ்வொரு முறையும் எதிரணியின் அடுத்த கைக்கு விருந்து.

ட்ரூஸ்கில் இதை இன்னும் பதமாகச் செய்யும். ஒவ்வொருவருக்கும் சராசரி 25, ஐயம் 8.33 என்று தொடக்கம். பட்டியலில் காட்டுவது சராசரியிலிருந்து மூன்று மடங்கு ஐயத்தைக் கழித்த எண், ஆகவே எல்லோரும் 0ல் ஆரம்பிப்பார்கள். இரண்டு புதியவர்கள் ஒற்றைக்கு ஒற்றை ஆடினால், வழக்கமான அமைப்பில் ஜெயித்தவர் 29.4, தோற்றவர் 20.6, இருவருக்கும் ஐயம் 7.17. ஜோடியாக ஆடும்போது மாற்றத்தை ஐயத்தின் வர்க்க விகிதத்தில் பிரிக்கும்: ஐயம் 1.5 உள்ள பழையவரும் 6 உள்ள புதியவரும் ஜோடி என்றால் பங்கு 1க்கு 16. புதியவரைக் கூட்டி வந்து தோற்றதற்குப் பழையவர் தண்டம் கட்ட வேண்டியதில்லை. கையால் போடும் கணக்கு இல்லை இது; பைத்தான் மொழியில் ஆயத்த நிரல்கள் இருக்கின்றன, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒன்று அரை நாளில் அமைத்துக் கொடுத்துவிடும்.

எந்த நிரலாலும் முடியாத காரியம் ஒன்று உண்டு. அண்ணனும் தம்பியும் எப்போதுமே ஜோடியாகத்தான் ஆடுவார்கள் என்றால், இருவரில் யார் பலம் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஜோடி மாற்றி ஆட வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று சுற்றில் எல்லா ஜோடியும் முடிந்துவிடும். எட்டுப் பேருக்கு ஏழு சுற்று போதும்: ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு முறை ஜோடி சேர்வார்கள், ஒவ்வொருவரையும் இரண்டு முறை எதிர்ப்பார்கள்.

எங்கே கெடும், ஏன் கெடும்

ரேட்டிங்கைப் பொத்திவைப்பது. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டாட்டத்தில் எலோ ரேட்டிங்கை வைத்துப் பெரிய போட்டிகளுக்கு அழைப்பு கொடுத்தார்கள். நல்ல எண்ணுக்கு வந்தவர்கள் அதைக் காப்பாற்ற ஆடுவதையே நிறுத்தினார்கள். 2011ல் அந்த முறையைக் கைவிட்டு, ஏறிக்கொண்டே போகும் புள்ளி முறைக்கு மாறினார்கள். நம்மூரில் தீபாவளிப் போட்டியின் முதல் நான்கு இடத்தை ரேட்டிங் வைத்துக் கொடுத்தால் புரட்டாசியிலேயே இந்த வியாதி தொடங்கும். மருந்து: கடைசி மூன்று மாதத்தில் 10 ஆட்டமாவது ஆடாதவருக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவது. பரிசு ஹேம்பரை ரேட்டிங்கோடு முடிச்சுப் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. அளவுக் கருவியிலேயே பணத்தைக் கட்டினால் யாராவது அதை வளைக்கத்தான் பார்ப்பார்கள்.

வேண்டுமென்றே தோற்பதும் உண்டு. '1400க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு' என்று அறிவித்ததும் 1430ல் இருப்பவருக்குத் திடீரென்று கை நடுங்கும். பிரிவுக்கு ஒருவருடைய கடந்த 12 மாத உச்ச ரேட்டிங்கை எடுத்துக்கொண்டால் இது அடங்கிவிடும்.

புள்ளி வற்றிப்போவது இதைவிட மெதுவான நோய். 1200ல் ஆரம்பித்த மாணவன் மூன்று வருடத்தில் 1600 ஆகிறான். எல்லோருக்கும் ஒரே கே என்றால் அந்த 400 புள்ளியும் மற்றவர்கள் கையிலிருந்து போனது. படிவம் 6 முடித்து அவன் கோலாலம்பூருக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகிறான். யாருடைய ஆட்டமும் கெடாமலே மிச்சப் பேரின் ரேட்டிங் இறங்கிக்கொண்டே வரும். ஃபிடேக்கும் இதே சிக்கல் வந்தது. 2024 மார்ச்சில் பட்டியலின் மிகக் குறைந்த ரேட்டிங்கை 1000லிருந்து 1400க்கு உயர்த்தி, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே தடவையாக, 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள்: 1500ல் இருந்தவர் 1700 ஆனார். மாணவர்களுக்கு எப்போதும் கே 40 என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். அவன் 40 கணக்கில் ஏறும்போது எதிராளி 24 கணக்கில்தான் இறங்குவார். மிச்சம் புதிதாகக் குளத்துக்குள் வரும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டிலிருந்து 150 முதல் 250 புள்ளி வித்தியாசத்தில் நடந்த ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். 40 ஆட்டம் இருந்தால் மேலே உள்ளவர் ஏறக்குறைய 30 ஜெயித்திருக்க வேண்டும். 25க்கும் 36க்கும் நடுவே வந்தால் அது தற்செயல், விட்டுவிடுங்கள். 22 என்று வந்தால் பட்டியல் வித்தியாசத்தை ஊதிக்காட்டுகிறது: கே அதிகம், அல்லது நோட்டில் எதையோ கலந்திருக்கிறீர்கள், ஒருபோர்டு ஆட்டமாகவும் இருக்கலாம். பழைய பதிவை வேறு கே வைத்து மறுபடி ஓட்டி, எது கிட்ட வருகிறது என்று பாருங்கள்.

பக்கத்து ஊர் 1600ம் நம்மூர் 1600ம்

தனக்குள்ளேயே ஆடும் குழுவின் எண்ணுக்கு வெளியே மதிப்பில்லை. கிளாட் பிளட்குட் என்ற சதுரங்க ஆட்டக்காரர் அமெரிக்கச் சிறையில் சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி 2700ஐத் தாண்டி, 1996ல் அந்த நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அந்த அளவுக்கு அவர் பலசாலி இல்லை. வெளியாளே வராத வட்டத்தில் புள்ளி ஒரே ஆளிடம் போய்க் குவிந்தது, அவ்வளவுதான்.

கோயில் திருவிழாப் போட்டிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்போது இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. நம் பட்டியலில் சராசரி 1560 உள்ளவர்கள், அவர்கள் பட்டியலில் சராசரி 1560 உள்ளவர்களோடு 30 ஆட்டம் ஆடி 11 ஜெயித்தார்கள் என்று வையுங்கள். பாதி ஜெயித்திருக்க வேண்டும். 37 சதவீதம்தான் வந்தது. சூத்திரப்படி நம் பட்டியல் அவர்களுடையதைவிட ஏறக்குறைய 95 புள்ளி உப்பியிருக்கிறது. உடனே எல்லோருக்கும் 95 கழித்துவிடாதீர்கள்: 30 ஆட்டத்தில் இந்த மதிப்பீட்டின் பிழையே 63 புள்ளி அளவுக்கு இருக்கும். 100 ஆட்டம் சேர்ந்தால் பிழை 35 ஆகக் குறையும். அதுவரை இரண்டு ஊர்ப் பட்டியலையும் தனித்தனியாகவே ஒட்டிவையுங்கள், ஊர்விட்டு ஊர் ஆடிய ஆட்டங்களை நோட்டின் கடைசிப் பக்கங்களில் தனியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.